துணி காயுதா, சார்?

"இந்த மழை என்னைக்குத்தான் விடும், டாக்டரம்மா?"

குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் ஆட்டுக் கொட்டகைக்குள் வந்து நின்றுகொண்டு பொன்னுரங்கம் கேட்டார்.

குரு நிமிரவில்லை. ஒரு கிடாயின் பின்னங்காலை மடியில் வைத்துக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையில் சீடருக்கு அறுபத்திரண்டு வயது, குருவுக்கு நாற்பது. என்ன செய்வது, நடந்தது அப்படித்தான்.

குருவின் பெயர் ஹமீதா. கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் நின்று திரும்புகிற ஊரில், ஆட்டுப் பண்ணையின் கால்நடை மருத்துவர். கல்லூரியில் படிக்கும்போதே ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர். வீட்டில் செட் வைத்துக்கொண்டு யாரோடு வேண்டுமானாலும் வானொலியில் பேசலாம் என்று அரசாங்கமே கொடுக்கிற அனுமதி அது.

பொன்னுரங்கம் நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியராக இருந்து பாலம் பாலமாகக் கட்டி ஓய்வு பெற்றவர். மலையில் வீடு வாங்கி வந்தார். ஒரு மாதத்தில் பொழுது போகவில்லை. ஹமீதாவிடம் போய் உட்கார்ந்து, குட்டையும் நெட்டையுமான ஒலிகளால் எழுத்துக் கூட்டுகிற மோர்ஸைக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, அவரும் உரிமம் வாங்கினார். அன்று முதல் ஹமீதா அவருக்கு குரு. ஹமீதா அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது சாருக்கு ஒரு டவர் வேண்டியிருந்தது. அறுபது அடி. அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஒரு ஆண்டெனா. ஜப்பான், பிரேசில் எல்லாம் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிடும் என்று படித்திருந்தார்.

டவர்த் துண்டுகள் திண்டுக்கல்லில் தயாராகிவிட்டன என்று சேதி வந்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே ஆள் பிடித்து அடித்தளத்துக்குக் குழி தோண்டினார்.

ஐப்பசி மாதத்தில்.

ஐப்பசியில் அடைமழை வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருஷம் ரோடு போட்டவருக்கு அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. குழி குளமாகிவிட்டது. இறைத்துவிட்டுப் படுத்தால் காலையில் நிரம்பி நிற்கிறது. நேற்றிலிருந்து ஒரு தவளை வேறு குடிவந்திருக்கிறது. கான்கிரீட் போட வழியில்லை. வராந்தாவில் அடுக்கிய சிமெண்ட் மூட்டைகள் ஈரம் குடித்துக் கல்லாகிக்கொண்டிருக்கின்றன.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மூச்சு வாங்கியது.

ஹமீதா கிடாயின் காலை விட்டார். அது துள்ளி ஓடியது.

"துணி காயுதா சார்?"

பொன்னுரங்கத்துக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று பட்டது.

"என்னம்மா?"

"வீட்ல துவைக்கிற துணி. காயுதா?"

"அடைமழைல துணி எப்படிம்மா காயும்?"

"ம்," என்று சொல்லிவிட்டு ஹமீதா அடுத்த ஆட்டைப் பிடித்தார்.

*

வீடு திரும்பும் வழியெல்லாம் பொன்னுரங்கம் தனக்குள் பொருமிக்கொண்டே நடந்தார். கேட்டது மழையைப் பற்றி. பதில் துணியைப் பற்றி. இதற்கு அந்தக் கிடாயிடமே கேட்டிருக்கலாம்.

ஆனால் அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது டவர் மட்டும் அல்ல. லியோன் பர்னாந்து.

லியோன் பர்னாந்து தூத்துக்குடிக்காரர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து கடல் கடலாகச் சுற்றியவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று குரலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கண்ணும் மங்கிப்போனது. வாயால் பேச முடியாது, போனில் வருகிற எழுத்தைப் படிக்கவும் முடியாது. அவருக்கு மிச்சம் இருந்தது காதும் வலது கையும்தான்.

மோர்ஸுக்கு அது போதும்.

விடிந்ததும் பர்னாந்து செட்டின் முன்னால் உட்காருவார். மலையில் பொன்னுரங்கம் உட்காருவார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசுவார்கள். என்ன மீன் வாங்கினாய், அங்கே குளிர் எப்படி, நேற்று ராத்திரி தூக்கம் வந்ததா. இவ்வளவுதான் பேச்சு. பர்னாந்துக்கு ஒரு நாளில் அந்தப் பேச்சு மட்டும்தான் பேச்சு.

மற்ற ஹாம்கள் கிடுகிடுவென்று தட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். பொன்னுரங்கம் நிதானமாகத் தட்டுவார். அவருக்கு அவ்வளவு வேகம்தான் வரும்.

மோர்ஸ் தட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு என்பார்கள். கையெழுத்து மாதிரி. பொன்னுரங்கத்தின் கையில் ஒவ்வொரு நெட்டையும் ஏற்றத்தில் ஏறுகிற வண்டி போல இழுபடும். உன் கை மாட்டுவண்டி என்று பர்னாந்து கிண்டல் செய்வார்.

பேச்சு முடிந்ததும் ஒரு வழக்கம். ஒருவர் கடைசியாக "டிட் டிட்" என்று இரண்டு குட்டை ஒலி கொடுப்பார். மற்றவர் அதேபோல "டிட் டிட்" என்று திருப்பிக் கொடுப்பார். வாசல் வரை வந்து வழியனுப்புகிற மாதிரி அது. அதற்குப் பிறகுதான் செட்டை அணைப்பது.

குழி தோண்ட ஆள் வந்த அன்று காலையில் பொன்னுரங்கம் அவசரமாகத் தட்டினார். ரெண்டு நாள் வரமாட்டேன். பழைய ஆண்டெனாவைக் கழற்றுகிறேன். அடுத்த தடவை நீ கேட்கும்போது டவரிலிருந்து கேட்பாய்.

பர்னாந்து "டிட் டிட்" என்றார்.

வெளியே கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டது. குழியைக் கோணலாக எடுத்துவிடப் போகிறார்களே என்று பொன்னுரங்கம் செட்டை அணைத்துவிட்டு ஓடினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

பழைய ஆண்டெனா என்பது வெறும் கம்பி. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை, அதன் இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கம்பிகள். இதுவரை கூரைக்கு மேலே கட்டியிருந்தது. டவர் வருகிற வீட்டில் இது எதற்கு என்று அன்றே அவிழ்த்துச் சுருட்டிப் போட்டார். அவர் மனைவி கோமதி அதை எடுத்து, ஒரு முனையைப் பேரிக்காய் மரத்திலும் மறுமுனையைக் கட்டைச்சுவர்த் தூணிலும் கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டாள். நல்ல கம்பி, துருப்பிடிக்காது என்று சந்தோஷப்பட்டாள்.

போன வாரம் தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிட வந்த ஹமீதா நனைந்த மழைக்கோட்டை அதில்தான் மாட்டினார். நடுவில் தொங்கிய வெள்ளைக் கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

*

மழை விட்டது. மூடுபனி வந்தது.

மார்கழியில் எதிரே வருகிற ஆள் மூக்கில் இடித்த பிறகுதான் தெரிவார். எப்படியோ ஒரு வழியாகக் கான்கிரீட் போட்டாயிற்று. அது இறுகமாட்டேன் என்றது. அந்தக் குளிரில் எப்படிச் சீக்கிரம் இறுகும். சாக்கைப் போர்த்தி, தார்ப்பாய் போட்டு, பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டார் பொன்னுரங்கம்.

அது இறுகியபோது மலைப்பாதையில் மண் சரிந்தது. டவர் ஏற்றி வந்த லாரி பாதி வழியில் நின்றது. ரோட்டைச் சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்று தன் பழைய ஆபீசுக்கே போன் போட்டார். மழை பெய்யாமல் இருந்தால் சீக்கிரம் முடியும் சார் என்றார்கள். இந்தப் பதிலை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இன்றைக்குக் கேட்கும்போது பற்றிக்கொண்டு வந்தது.

நடுவில் பர்னாந்தின் மகள் மெட்டில்டாவுக்குப் போன் செய்து, அப்பாவிடம் சொல்லம்மா, மழையால் தாமதம், இன்னும் ரெண்டே நாள் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் சொல்ல வெட்கமாக இருந்ததால் போன் செய்யவில்லை.

கோமதி ஒரு நாள் கேட்டாள், அந்தக் கம்பியையே மறுபடி மாட்டி அவரோடு ரெண்டு வார்த்தை பேசினால் என்ன என்று. டவரிலிருந்துதான் பேசுவேன் என்று சொன்னவன் மறுபடி கம்பியில் வந்து நிற்பதா என்று அவளிடம் எரிந்து விழுந்தார். அரைகுறையாக ஒரு காரியம் செய்கிற வழக்கம் தன் சர்வீஸிலேயே கிடையாது என்றார். மேலும் பர்னாந்துக்குக் காதும் முன்னைப்போல இல்லை, டவரிலிருந்து கொடுத்தால் கணீரென்று கேட்கும், அவருக்காகத்தானே இவ்வளவும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே அதில் பாதிதான் நம்பிக்கை இருந்தது.

கோமதி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அவர் குருவிடம் போனார்.

ஹமீதா வைக்கோல்மேல் மண்டியிட்டிருந்தார். அப்போதுதான் பிறந்த குட்டி ஒன்று நனைந்த துணிமாதிரி கிடந்தது. தாய் ஆடு எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தது.

"மூடுபனி எப்ப விலகும்னு கேக்க வந்தேன்," என்றார் பொன்னுரங்கம்.

ஹமீதா ஒரு சாக்குத் துண்டை அவர் கையில் கொடுத்தார். குட்டியையும் கொடுத்தார்.

"துடைங்க சார். அழுத்தித் துடைங்க."

பொன்னுரங்கம் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். குட்டி நடுங்கியது. வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"பொறக்கறதுக்கு இந்த மாசம்தானா கெடைச்சுது இதுக்கு," என்றார் எரிச்சலோடு.

"அதுக்கு மாசம் தெரியாது சார்."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் குட்டி கத்தியது. அவர் விரலைச் சப்பியது. தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டு, லாரி, மண்சரிவு, மூடுபனி என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ஹமீதா குட்டியை வாங்கித் தாயின் மடியில் சேர்த்தார்.

"துணி காயுதா சார்?"

"பாதி காயுது. பாதி நாறுது," என்றார் பொன்னுரங்கம். "என் டவரப் பத்திக் கேக்கவே மாட்டீங்களா?"

ஹமீதா கையைக் கழுவப் போய்விட்டார்.

இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று அன்று வீட்டில் பொரிந்து தள்ளினார். என் துணியைப் பற்றியாவது ஒருத்தர் விசாரிக்கிறாரே என்றாள் கோமதி.

*

மூடுபனி விலகியது. உறைபனி வந்தது.

தை மாதம் நெருங்கும்போது காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஆனால் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். லாரி வந்து சேர்ந்தது. டவர் ஏற்றுகிறவர்கள் வத்தலக்குண்டிலிருந்து வந்தார்கள். பொன்னுரங்கம் இருக்கிற சாமிக்கெல்லாம் நன்றி சொன்னார்.

கீழ்நாட்டு ஆட்கள் மெல்லிய சட்டையோடு வந்திருந்தார்கள். முதல் துண்டை நிறுத்தினார்கள். இரண்டாவதை ஏற்றினார்கள். மேலே ஏறியவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்தது. இறங்கிவந்து, கை மரத்துப்போச்சு சார், இரும்பு தொட்டா நெருப்பாட்டம் சுடுது என்றான். டீ குடித்தார்கள். இன்னொரு டீ குடித்தார்கள். பொங்கல் கழித்து வருகிறோம் என்று லாரியிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

ஆக, டவர் இருபது அடிக்கு நின்றது.

மறுநாள் காலையில் ஒரு காட்டுமாடு வந்து அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சாவகாசமாக இடப்பக்கம் தேய்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பித் தேய்த்தது. பொன்னுரங்கம் ஜன்னலுக்குள்ளிருந்து கையைத் தட்டினார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. அந்த நிமிஷம் அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

அப்போதுதான் மெட்டில்டாவின் போன் வந்தது.

"அங்கிள், அப்பா ஞாயித்துக்கிழமையோட செட்ட மூடுறாங்க. யாருக்காவது குடுத்துரச் சொல்றாங்க."

மெட்டில்டா மேலே சொன்னாள். அப்பா தினமும் காலையில் செட்டைப் போட்டு உட்காருகிறார். இரண்டு தட்டு தட்டுகிறார். அப்புறம் ரொம்ப நேரம் காத்திருக்கிறார். மறுபடி இரண்டு தட்டு. பொன்னுரங்கம் அங்கிள் நன்றாக இருக்கிறார், மழையால்தான் வரவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார். தன்னை ஆறுதல்படுத்தச் சொல்கிற பொய் என்று நினைக்கிறார். போனைக் காதில் வைத்தால் தள்ளிவிடுகிறார்.

"நீங்க செத்துட்டீங்கன்னும், நான் மறைக்கிறேன்னும் நெனைக்காங்க அங்கிள். உங்க ஆத்துமாவுக்காகக் கோயில்ல பூசைக்கும் குடுத்துட்டாங்க."

போனை வைத்துவிட்டுப் பொன்னுரங்கம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பண்ணைக்கு ஓடினார்.

*

அன்றைக்கு அவர் பேசிய பேச்சைக் கேட்டு ஆடுகள் மேய்வதை நிறுத்தின.

வானத்தைத் திட்டினார். பனியைத் திட்டினார். மண்சரிவை, லாரியை, வத்தலக்குண்டை, காட்டுமாட்டைத் திட்டினார். ஒரு மனிதன் தன் சொந்தக் கொல்லையில் அறுபது அடி இரும்பு நிறுத்துவதற்கு இத்தனை பேர் குறுக்கே நிற்க வேண்டுமா என்றார். அங்கே ஒருவர் என்னைச் செத்தவனாக எண்ணிக்கொண்டு, தன்னிடம் இருக்கிற ஒரே நாக்கையும் அறுத்துப் போடப் போகிறார் என்றார். கடைசியாகக் குருவையே பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவயும் துணி காயுதான்னு கேட்டீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

ஹமீதா கேட்கவில்லை.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். தானும் எதிரே உட்கார்ந்தார்.

"நேத்து ரொம்ப நாள் கழிச்சு எனக்குக் காலைல நேரம் கெடச்சுது. செட்டப் போட்டேன். பர்னாந்து சார் உங்களத்தான் கூப்பிட்டுட்டு இருந்தாரு."

பொன்னுரங்கம் நிமிர்ந்தார்.

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு தட்டினேன். நம்பல. அவன் கையக் கேட்டாத்தான் நம்புவேன்னுட்டாரு."

பொன்னுரங்கம் தன் வலது கையைப் பார்த்தார். சிமெண்ட் பட்டு வெடித்திருந்தது.

"அவரு ஞாயித்துக்கிழமை மூடிருவாரு," என்றார். "டவர் ஆளுங்க பொங்கலுக்கப்புறம்தான் வருவாங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

ஹமீதா எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் வர்றேன். அம்மாவ சனிக்கிழமை நெறைய துணி துவைச்சுப் போடச் சொல்லுங்க."

பொன்னுரங்கத்துக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஜென்மத்தில் மோர்ஸ் கற்க வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஆனால் குரு சொன்னதைக் கோமதியிடம் அப்படியே சொன்னார். அவள் பீரோவைத் திறந்து பழைய போர்வைகளையும் எடுத்துப் போட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஹமீதாவின் பழைய ஜீப் வந்து நின்றது.

வணக்கம் சொன்னார். காபி வேண்டாம் என்றார். நேராகக் கொல்லைக்குப் போனார். பொன்னுரங்கம் பின்னால் போனார், மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு.

பேரிக்காய் மரத்திலிருந்து கட்டைச்சுவர்த் தூண் வரை துணி. உறைபனியில் எல்லாம் விறைத்திருந்தன. பொன்னுரங்கத்தின் வேட்டி பலகைபோல் நின்றது. பனியனின் கை இரண்டும் யாரையோ கட்டிப்பிடிக்கப் போவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தன.

ஹமீதா ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். போர்வையைத் தொட்டார். பாவாடையைத் தொட்டார். வேட்டியைத் தட்டிப் பார்த்தார். நடுவில் வந்ததும் வெள்ளைக் கட்டைக்கு அருகில் நின்றார்.

"காயல சார்," என்றார்.

பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு, செட்டின் பின்னால் இரண்டரை மாதமாகச் சும்மா கிடந்த ஆண்டெனா கேபிளை வெளியே இழுத்தார். அதன் முனையை வெள்ளைக் கட்டையில் வைத்துத் திருகினார்.

பொன்னுரங்கம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, இது தரையோட கெடக்கு. இதுல என்ன போகும்?"

"தூத்துக்குடி என்ன ஜப்பானா சார்?"

கற்றுக்கொடுத்த முதல் வாரத்திலேயே ஹமீதா கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியது அவருக்கு நினைவு வந்தது. உயரத்தில் மாட்டினால் அலை எங்கோ தூரத்தில் போய் இறங்கும். தாழக் கட்டினால் நேரே மேலே போய்ப் பக்கத்து ஊர்களில் விழும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவர் முழு மார்க் வாங்கியிருந்தார்.

குனிந்து கேபிளின் முறுக்கை எடுத்துவிட்டார்.

கோமதி துணிகளை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா. சார் தட்டி முடிக்கிற வரைக்கும் கம்பியத் தொடாம இருங்க, போதும்," என்றார் ஹமீதா.

பொன்னுரங்கம் உள்ளே போய் உட்கார்ந்தார். செட்டைப் போட்டார். இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலைக் கேட்டே எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. பயமாக இருந்தது. ஒருவேளை இன்றைக்கு அவர் உட்காரவே இல்லையென்றால். நேற்றே மூடிவிட்டிருந்தால்.

இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல வந்தது.

டிட் டிட்.

அவ்வளவுதான். பிறகு காத்திருப்பு.

அது யார் கை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்காகக் கப்பலில் தட்டிய கை. பொன்னுரங்கத்துக்குக் கண் நிறைந்து, தட்டுகிற கீ தெரியவில்லை. தடவிப் பிடித்தார்.

டிட் டிட், என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு குட்டை ஒலியை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவர் தன் பெயரைத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, நெட்டையெல்லாம் இழுபட, தப்பும் தவறுமாக. நடுவில் ஒரு எழுத்தைக் கோட்டைவிட்டு மறுபடி தொடங்கினார்.

இரைச்சல் மட்டுமே வந்தது. கோமதி கதவருகில் வந்து நின்றாள். ஹமீதா ஜன்னலுக்கு வெளியே கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார்.

பிறகு தூத்துக்குடி தட்ட ஆரம்பித்தது. பொன்னுரங்கம் எழுத்து எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுச் சொன்னார்.

"மாட்டு... வண்டி."

கோமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்றும் தெரியவில்லை.

தட்டல் நிற்கவில்லை. இத்தனை நாளும் சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டிக்கொண்டு வந்தது. உனக்காகப் பூசை வைத்துவிட்டேன், அதை இனித் திரும்ப வாங்க முடியாது என்றது. மெட்டில்டாவைப் பொய் சொல்கிறாள் என்று திட்டிவிட்டேன், பாவம் என்றது. நேற்று வாங்கிய விளமீனில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது, இன்றைக்குச் சாப்பிடுவேன் என்றது. செட்டை மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்சம் நிறுத்தி, மறுபடி வந்தது. பொன்னுரங்கம் குனிந்து கேட்டார்.

"டவர் நல்லா வேலை செய்யுது. பக்கத்து வீட்ல இருந்து தட்ற மாதிரி கேக்குது. எவ்வளவு உயரம் போட்டே?"

பொன்னுரங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்பால் இருபது அடி இரும்பு நின்றது. காட்டுமாடு வந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இப்பால் வெயிலின் முதல் கீற்று கொல்லையில் விழுந்து, வேட்டியின் நுனியிலிருந்து சொட்டு சொட்டாக நீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

கீயில் விரலை வைத்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு நெட்டையையும் இழுத்து இழுத்துத் தட்டினார்.

"கோமதி கைக்கு எட்டுற உயரம்."